விழாத ஈக்கள்

விழ வேண்டிய ஈக்கள் விழவில்லை. பெலிண்டாவுக்குத் தூக்கம் போனதற்கு அதுதான் காரணம்.

ஈ ஏறினால் என்ன, விழுந்தால் என்ன என்று நாம் இருந்துவிடலாம். அவளால் முடியாது. ஆறு வருஷமாக அவள் பிழைப்பே அந்த ஈக்களை நம்பித்தான். மன்னார்புரம் தாண்டி ஒரு கல்லூரி. மாடியில் மூலையில் ஓர் ஆய்வகம். உள்ளே நுழைந்தால் வெல்லமும் ஈஸ்ட்டும் புளித்த வாடை மூக்கைத் தாக்கும். அலமாரி நிறையப் பஞ்சடைத்த கண்ணாடிக் குழாய்கள், குழாய்க்குள் எள்ளளவு பழ ஈக்கள். காந்தி மார்க்கெட் வாழைத்தார் மேல் மொய்க்குமே, அதே இனம்தான். மார்க்கெட்டில் அதை விரட்டுகிறார்கள், இங்கே அதற்குச் சமைத்துப் போடுகிறார்கள்.

மூளை என்பது அணையாத அடுப்பு. எரிகிற அடுப்பில் கரி சேராமல் இருக்குமா? மூச்சுக்காற்றைக் கொண்டு உணவை எரித்து உடம்பு வேலை செய்யும்போது சில முரட்டுத் துணுக்குகள் மிஞ்சும். பக்கத்தில் இருப்பதையெல்லாம் அரிக்கும். அவற்றைப் பிடித்து அடக்குவதற்கென்றே சில மரபணுக்கள் காவல் இருக்கின்றன. ஆன்டிஆக்சிடன்ட் மரபணுக்கள் என்பது அவற்றின் பெயர். காவல் தளர்ந்தால் மூளை நரம்புகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். மனிதனுக்குக் கை நடுங்கும், நினைவு தப்பும். ஈக்கு ஏறுவது மறந்துபோகும்.

இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு. குழாயை மேஜையில் ஒரு தட்டுத் தட்டினால் ஈக்கள் எல்லாம் அடியில் போய் விழும். மூளை நன்றாக இருக்கிற ஈ அடுத்த கணமே சுவரைப் பிடித்து விறுவிறுவென்று மேலே ஏறும். மூளை கெட்டது பாதியில் வழுக்கி விழும்.

பெலிண்டாவிடம் இரண்டு வகை ஈக்கள் இருந்தன. முதல் வகைக்குக் காவல் மரபணு ஒன்று பலவீனம். இரண்டாம் வகை அதே ஈக்கள்தான், ஆனால் அந்த மரபணுவை அவள் திரும்பக் கொடுத்திருந்தாள். வயதானபின் முதல் வகை விழ வேண்டும், இரண்டாம் வகை ஏற வேண்டும். போன வருஷம் அப்படியே நடந்தது. ஒருமுறை நடந்ததை யார் நம்புவார்கள்? ஆய்வேட்டைப் பார்க்கும் கமிட்டி மறுபடி செய்து காட்டச் சொன்னது. மறுபடி செய்தாள். இந்தமுறை இரண்டுமே ஏறின. நோயாளியும் ஓடுகிறான், மருந்து சாப்பிட்டவனும் ஓடுகிறான் என்றால் மருந்துக்கு என்ன மரியாதை?

ஆய்வேட்டைக் கொடுக்கப் பல்கலைக்கழகம் தந்த கடைசிக் கெடு தை மாதம் முடிகிறது. அதற்குள் ஈக்கள் விழாவிட்டால் பட்டம் இல்லை. பட்டம் இல்லாவிட்டால், எப்போது வரப்போகிறாய் என்று கேட்டுக்கொண்டிருக்கும் உதவிப் பேராசிரியர் வேலையும் இல்லை.

போன வருஷத்துக்கும் இந்த வருஷத்துக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தாள். ஒரே ஒரு வித்தியாசம்தான் தெரிந்தது. அதன் பெயர் யமுனா.

யமுனா ஸ்ரீரங்கத்துப் பெண். எம்.எஸ்சி. முடித்துவிட்டு ஆய்வக உதவியாளராகச் சேர்ந்திருந்தாள். அப்பாவுக்குக் கோயிலில் கைங்கரியம். கொஞ்ச நாளாக உடம்பு சரியில்லை. வீட்டு வருமானமும் பெருமாளைப்போலப் பள்ளிகொண்டுவிட்டது. ஆகவே வீடு நடப்பது இந்தப் பெண்ணின் சம்பளத்தில். சிரித்த முகம், "அக்கா, அக்கா" என்று காலைச் சுற்றி வரும் பேச்சு. அந்தச் சிரிப்புதான் பெலிண்டாவுக்கு முதலில் பிடிக்காமல் போனது. காரணம் இல்லாமல் ஒருத்தி ஏன் சிரிக்க வேண்டும்?

பெலிண்டாவின் குணம் அப்படி. கடையில் பிரித்த பிஸ்கட் பாக்கெட்டை வாங்கமாட்டாள், பிரிக்காததை வாங்கி ஏன் பிரிக்கவில்லை என்று யோசிப்பாள். "உன் நிழல் மேலயே உனக்குச் சந்தேகம்டி" என்று அவள் அம்மா அமலராணி சொல்வது சும்மா இல்லை. யமுனா வேலைக்குச் சேர்ந்த அன்றே பெலிண்டா முடிவு செய்துவிட்டாள்: மரபணு கொடுத்த அருமையான ஈக்களை யாரையும் தொட விடக்கூடாது. அவற்றுக்குத் தன் கையாலேயே உணவு மாற்றினாள். எப்படியும் விழப்போகிற ஈக்கள்தானே என்று முதல் வகையை யமுனாவிடம் தள்ளிவிட்டாள்.

இப்போது அதே ஈக்கள் ஏறுகின்றன.

கண்ணில் சந்தேகம் விழுந்துவிட்டால் தெரிகிறதெல்லாம் தடயம்தான். சில நாட்களில் யமுனா முகம் வாடி இருந்தது. அன்றைக்கெல்லாம் டீக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். "சாப்பாடு மாத்தியாச்சா?" என்று கேட்டால், கேள்வி முடிவதற்குள் "ஆச்சுக்கா" என்று பதில் வரும். ஒருநாள் பெலிண்டா ஈ உணவு கிண்டும் பாத்திரத்தைத் தொட்டுப் பார்த்தாள். காய்ந்து கிடந்தது. இன்னொரு நாள் பஸ் ஸ்டாப்பில் நவநீதனோடு யமுனா சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். நவநீதன் எதிர் ஆய்வகத்து மாணவன். பெலிண்டா சொல்லும் மரபணுவுக்கு அத்தனை மவுசு கிடையாது என்று கருத்தரங்கில் எழுந்து நின்று சொன்னவன்.

போதாதா? ஈக்களை மாற்றிவிடுகிறார்கள் என்று பெலிண்டா முடிவுகட்டினாள். வயதான ஈக்களை எடுத்துவிட்டு நல்ல ஈக்களை வைத்துவிட்டால் ஏறத்தானே செய்யும்?

ஒரு பொறி வைத்தாள். யமுனா இல்லாத நேரத்தில் முதல் வகை ஈக்களைப் பனிக்கட்டி மேல் வைத்து மயக்கி, ஒவ்வொன்றின் இறக்கை ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத அளவு நறுக்கிவிட்டாள். மாற்றினால் நறுக்கு இல்லாத ஈ அகப்படும். பத்து நாள் பொறுத்து உருப்பெருக்கியில் பார்த்தாள். எல்லா இறக்கையிலும் நறுக்கு இருந்தது. அதே ஈக்கள். கிழட்டு ஈக்கள். குழாயைத் தட்டினால் குமரிகள்போல ஏறின.

வேறு யாராக இருந்தாலும் அதோடு வெட்கப்பட்டு விட்டிருப்பார்கள். யமுனா உணவில் ஏதோ கலக்கிறாள் என்று பெலிண்டா அடுத்த படிக்குப் போனாள். நெல்லிக்காய்ச் சாறோ மஞ்சளோ கலந்தாலே ஈக்குத் தெம்பு வரும் என்று படித்திருக்கிறாளே. கதவைச் சாத்திவிட்டு யமுனாவின் குழாய் ஒன்றிலிருந்து ஈ உணவைச் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தாள். கெட்டுப்போன களி மாதிரி இருந்தது. அது அப்படித்தான் இருக்க வேண்டும். கண்றாவியான ருசியைத் தவிர வேறு குற்றம் எதுவும் அதில் அகப்படவில்லை.

நெறியாளர் ஆசீர் சாரிடம் போய்ச் சொன்னாள். ஆசீர் நிதானமான மனிதர். எதையும் எழுத்தில் கேட்பார்.

"அந்தப் பொண்ணுதான் ஏதோ பண்றா சார். அவ வந்த பிறகுதான் இப்படி."

"சந்தேகத்தை வெச்சு ஒரு பொண்ணு வேலையில கை வைக்க முடியாதும்மா. ஆதாரம் கொண்டு வாங்க. அன்னைக்கே அனுப்பிடறேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "ஒருத்தர் வேணும்னு கெடுத்தாங்கன்னு தெரிஞ்சா, கமிட்டி உங்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாக் கொடுக்கும். நானே எழுதுவேன்."

அந்த நிமிஷம்வரை யமுனா குற்றவாளியோ என்று பெலிண்டாவுக்குச் சந்தேகம். அதற்குப் பிறகு அவள் குற்றவாளியாக இருக்க வேண்டும் என்று ஆசையே வந்துவிட்டது. இரண்டும் ஒன்றல்ல. இரண்டாவது பொல்லாதது.

அடுத்த வாரம் ஒருநாள் யமுனா மறுபடி வாடிய முகத்தோடு வந்து, மாலை சீக்கிரமே கிளம்பினாள். பெலிண்டா பின்னாலேயே போனாள். யமுனாவும் நவநீதனும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார்கள். பெலிண்டா பின்பக்கப் படியில் ஏறி, ஒரு பெரிய பூக்கூடைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். காவிரிப் பாலம் தாண்டும்வரை அவர்கள் பேசியது எதுவும் காதில் விழவில்லை. அதனால் அவளாகவே எல்லாவற்றையும் கற்பனை செய்துகொண்டாள். ராஜகோபுரத்தில் இறங்கியதும் நவநீதன் கையசைத்துவிட்டுத் தெப்பக்குளம் பக்கம் போய்விட்டான். யமுனா உள்ளே நடந்தாள். பெலிண்டா ஒரு வளையல் கடையில் வளையல் பார்ப்பதுபோல நின்றாள்.

"அக்கா! நீங்க எங்க இங்க?"

யமுனா திரும்பி வந்து முன்னால் நின்றாள்.

"சும்மாதான்... வளையல்..." என்று பெலிண்டா உளறினாள்.

"நன்னா இருக்கே! எங்க ஊருக்கு வந்துட்டு ஆத்துக்கு வராம போறதாவது?" என்று யமுனா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஊருக்குள் வந்ததும் பேச்சே மாறிவிட்டதைப் பெலிண்டா கவனித்தாள். அதுவும் சந்தேகக் கணக்கில் சேர்ந்தது.

சித்திரை வீதியில் நீளமான, இருட்டான வீடு. உள்ளறையில் அப்பா படுத்திருந்தார். யமுனாவின் அம்மா ஒரு டம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் கொண்டுவந்து வைத்தாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்கோ. இன்னிக்கு எங்காத்துல தளிகை இல்லை."

பெலிண்டா எட்டிப் பார்த்தாள். சமையலறையில் அடுப்பு குளிர்ந்து கிடந்தது. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள். உலை வைத்த சுவடே இல்லை. படுத்திருக்கும் அப்பா, எரியாத அடுப்பு, எதிர் ஆய்வகத்துச் சிநேகிதன் மூன்றையும் கூட்டிப் பார்த்தாள். சாப்பாட்டுக்கே வழியில்லாத வீடு, யாரோ எதையோ கொடுத்து வாங்கிவிட்டார்கள் என்று அவளுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. இரக்கம்கூட வந்தது. ஆனால் இரக்கம் வந்தது என்பதற்காகச் சந்தேகம் போய்விடவில்லை. பழத்தைத் தின்றுவிட்டு வந்தாள்.

கையும் களவுமாகப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தம், வரமாட்டேன் என்று வெள்ளிக்கிழமையே எல்லார் காதிலும் விழும்படி சொல்லி வைத்தாள். சனிக்கிழமை பதினொரு மணிக்குச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மாடி ஏறினாள்.

யமுனா முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள். முதல் வகை ஈக்களை ஒரு குழாயிலிருந்து இன்னொரு குழாய்க்குத் தட்டி மாற்றிக்கொண்டிருந்தாள். மாற்றுகிற குழாயின் அடியில் மஞ்சளாக உணவு இருக்க வேண்டும். இருக்கவில்லை. கண்ணாடிமாதிரித் தெளிந்த அகர் என்ற கடற்பாசிக் கூழ் மட்டும் இருந்தது. அகரில் தண்ணீர்தான் உண்டு. ஈ உயிர் பிழைத்துக் கிடக்கும், வயிறு நிறையாது.

"என்ன பண்ற யமுனா?"

குழாய் கை தவறி உருண்டது. யமுனா எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"அக்கா, நீங்க நிச்சயதார்த்தத்துக்கு..."

"அத விடு. யாரு சொல்லிப் பண்ற? நவநீதனா?"

"நவநீதனா? அவர் என்ன பண்ணினார்?" யமுனாவுக்குக் கண்ணீர் முட்டியது. "யாரும் சொல்லலக்கா. நானாத்தான். இன்னிக்கு நான் உபவாசம். அப்பாவுக்குத் தேவலையாகணும்னு சனிக்கிழமை இருக்கேன். ஏகாதசிக்கு எப்பவுமே உண்டு. வெறும் வயித்துல அந்தச் சோளமாவையும் ஈஸ்ட்டையும் கிண்டினா எனக்குக் குமட்டிண்டு வரது. மொத நாள் மயக்கமே வந்துடுத்து."

"அதனால?"

"ஒருநாள்தானேன்னு அகர் குழாய்ல விட்டேன். மறுநாள் காலம்பற சாப்பாட்டுக்கு மாத்திடுவேன். ஒண்ணும் சாகலை. ஏகாதசியன்னிக்கு எங்காத்துல அடுப்பே மூட்டறதில்ல; இதுகளும் ஒருநாள் இருந்துட்டுப் போகட்டும், புண்ணியம்தானேன்னு..."

பெலிண்டாவுக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"பெரிய வெள்ளிக்கிழமை எங்க அம்மாவும் ஒருசந்தி இருப்பாங்க. அதுக்காக எங்க வீட்டு நாயைப் பட்டினி போட்டதில்ல! கேட்டா ஆச்சு ஆச்சுன்னு பொய் வேற. எத்தனை நாளா நடக்குது?"

"சேர்ந்ததுலேருந்து. தப்புதான்க்கா. சார்கிட்ட சொல்லிடாதீங்க. இந்தச் சம்பளம் இல்லேன்னா அப்பா மருந்துக்குக்கூட..."

பெலிண்டா வாசலுக்கு நடந்தாள். ஆதாரம் கிடைத்துவிட்டது. ஒரு வருஷம் கிடைத்துவிட்டது. சாரைக் கூப்பிடப் போனை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள். சந்தோஷமாக இருந்தது என்பதை மறைத்துப் பயனில்லை.

பாதிப் படியில் கால் நின்றது. பட்டினி கிடந்த ஈக்களா ஏறுகின்றன?

அவள் படித்தவள். படித்தது இப்போது வரிசையாக நினைவுக்கு வந்து தொலைந்தது. அவ்வப்போது பட்டினி கிடக்கும் உடம்பு பயந்துகொள்ளும். பயத்தில், சோம்பிக் கிடக்கும் மற்றக் காவல் மரபணுக்களையெல்லாம் தட்டி எழுப்பும். ஒரு காவலாளி நோயில் விழுந்தாலும் மற்றவர்கள் எழுந்து நின்றுவிட்டால் மூளை பிழைத்துவிடலாம். வாரம் ஒருநாள், ஏகாதசி ஒருநாள் என்று இந்த ஈக்கள் விரதம் இருந்திருக்கின்றன. நிஜமாகவே அதுதானா என்பதைச் சோதித்துத்தான் சொல்ல முடியும். ஆனால் வேறு விளக்கம் எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அதற்குமேல் தோன்றியதுதான் அவளைப் படியிலேயே உட்கார வைத்தது. இரண்டு வகை ஈயையும் ஒரே கை பார்த்திருந்தால் இரண்டும் சேர்ந்து பட்டினி கிடந்திருக்கும், சேர்ந்து தின்றிருக்கும். பிரித்து வைத்தது யார்? ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய இரண்டு பொருளை இரண்டு கைகளில் கொடுக்கக்கூடாது என்பது முதல் வருஷப் பிள்ளைக்குச் சொல்லித் தரும் பாடம். ஆறாம் வருஷக்காரி அதை மறந்திருக்கிறாள். மறந்ததுகூட இல்லை. அடுத்தவள் மேல் நம்பிக்கை இல்லாமல் வேண்டுமென்றே செய்திருக்கிறாள். எல்லாருடைய கையையும் சந்தேகித்தவள் தன் கையை மட்டும் சந்தேகிக்கவில்லை.

போனைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது. சொல்லாமல் விட்டால் என்ன என்று ஒரு மனசு. பாதி சொன்னால் போதுமே என்று இன்னொரு மனசு. யமுனா உணவு போடவில்லை என்பது உண்மைதானே. அதை மட்டும் சொன்னால் பொய்யாகாது. உண்மையைப் பாதியில் நறுக்கினால் அது எவ்வளவு சௌகரியமாகிவிடுகிறது! அந்தச் சௌகரியத்துக்கு அவள் மிகவும் ஆசைப்பட்டாள். ஆனால் "அப்பா மருந்துக்குக்கூட" என்று யமுனா முடிக்காமல் விட்டது காதை விட்டுப் போகவில்லை.

திங்கட்கிழமை ஆசீர் சார் அறையில் எல்லாவற்றையும் சொன்னாள். அகரை, உபவாசத்தை, கடைசியாகத் தான் ஈக்களைப் பிரித்துக் கொடுத்ததை.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுல கடைசியா சொன்னது எதுக்கு? உதவியாளர் சொல்லாம உணவை நிறுத்திட்டாங்கன்னு எழுதுங்க. போதும். வருஷம் கிடைச்சிடும்."

"அப்படி எழுதினா அவளை அனுப்பிடுவீங்க சார்."

"அனுப்பித்தான் ஆகணும்."

"அவ செஞ்சது தப்பு. ஆனா சோதனை கெட்டது என்னால. ஒரே ஆள் பார்த்திருந்தா இது ஆகியிருக்காது. அப்படித்தான் சார் எழுதுவேன்."

ஆசீர் சார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். பழைய பார்வை இல்லை அது.

"அன்னைக்கு அந்தப் பொண்ணுதான் ஏதோ பண்றான்னீங்க. இன்னைக்கு அவளுக்காகப் பேசறீங்க. நடுவுல ஈ ஏகாதசி இருந்துச்சுங்கறீங்க." குரலை உயர்த்தவில்லை, அதுதான் சுட்டது. "பெலிண்டா, நான் நேராவே கேக்கறேன். போன வருஷ ரிசல்ட் நிஜமா வந்ததா? இல்ல, அது மறுபடி வராதுன்னு தெரிஞ்சு ரெண்டு பேருமா சேர்ந்து ஒரு கதை கட்டறீங்களா?"

"சார்!"

"கேக்க வேண்டியது என் கடமை. ரெண்டு வகை ஈயையும் நவநீதன்கிட்ட ஒப்படைச்சிடுங்க. பட்டினி போட்டும் போடாமலும் அவன் மறுபடி செய்யட்டும். எது எந்தக் குழாய்னு அவனுக்குத் தெரிய வேணாம். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் அந்த ரூமுக்குள்ள போகாதீங்க. கெடு விஷயத்தை அப்புறம் பார்ப்போம்."

"யமுனா வேலை?"

"இப்போதைக்கு இருக்கட்டும்."

ஆறு வருஷமாக நேர்மையாக வேலை செய்ததை இன்னொருவரிடம் எப்படி நிரூபிப்பது? ஒரு வழியும் தெரியவில்லை பெலிண்டாவுக்கு. செய்யாததைச் செய்யவில்லை என்று காட்ட எந்த உருப்பெருக்கியும் கிடையாது. இத்தனை நாள் ஒரு பெண்ணைச் சுற்றி இதையேதான் செய்துகொண்டிருந்தோம் என்று நினைத்தபோது உடம்பு கூசியது. கதவைத் திறந்து வெளியே வந்தாள்.

வராந்தாவில் யமுனா நின்றுகொண்டிருந்தாள். சிரிப்பு இல்லை.

"என்னை அனுப்பிட்டாராக்கா?"

"இல்ல. வேலை இருக்கு. அங்க நடந்ததுல தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன்."

யமுனா அவள் முகத்தையே பார்த்தாள். நம்பிவிட வேண்டும் என்று அவளுக்கும் ஆசைதான். ஆனால் முடியவில்லை என்பது தெரிந்தது.

"தப்பா நெனச்சுக்காதீங்கக்கா. நீங்க வளையல் வாங்க வரலைன்னு எனக்கு அன்னிக்கே தெரியும். பஸ்லயே பார்த்துட்டேன்." சாத்தியிருந்த கதவைக் காட்டினாள். "இப்ப சொன்னதை என் முன்னாடி சார்கிட்ட ஒருதரம் சொல்லுவீங்களா?"

பெலிண்டாவுக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் தான் இருந்தால் இதற்கும் முன்னாலேயே கேட்டிருப்போம் என்று தோன்றியது.

"வா" என்று சொல்லிவிட்டு, சாத்திய கதவை மறுபடியும் தட்டினாள்.